நின்னுக்கிட்டே வேலை: கெண்டைக்காலின் 400 வருஷக் கதை

விடியுறதுக்கு முன்னாடி வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல நின்னு பாருங்க. ஒரகடம் பக்கமா கம்பெனி பஸ்கள் வரிசையா போகும். அதுல தூங்கிக்கிட்டே போற பலருக்கும் அடுத்த எட்டு மணி நேரம் நின்னபடிதான் வேலை. இன்னைக்கு எபிசோட் அவங்க கெண்டைக்காலைப் பத்தி.

முதல்ல ஒரு கேள்வி. இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளுது, சரி. கணுக்கால் வரைக்கும் போன ரத்தம், சுமார் நாலடி மேல இருக்கிற இதயத்துக்கு எப்படித் திரும்பி ஏறுது?

பதிலோட முதல் பாதி இத்தாலியில பதுவா நகரத்துல கிடைச்சது. 1603-ல ஃபாப்ரீசியஸ் என்கிற உடற்கூறியல் பேராசிரியர், சிரைகளுக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டிக் கதவுகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். நாம வால்வுன்னு சொல்றோமே, அதுதான். ஆனா அது எதுக்குன்னு அவருக்குச் சரியா பிடிபடல. ரத்தம் மொத்தமா காலுக்குக் கொட்டிடாம தடுக்குதுன்னு நினைச்சார்.

அங்கே படிச்ச இங்கிலாந்து மாணவர் வில்லியம் ஹார்வி. 1628-ல அவர் எழுதின புத்தகம்தான் ரத்தம் உடம்பைச் சுத்தி வருதுன்னு நிரூபிச்சது. அவர் காட்டின சோதனையை நீங்களே செய்யலாம். முன்கையில தெரியுற பச்சை நரம்பை ஒரு விரலால அழுத்திக்கோங்க. இன்னொரு விரலால அங்கிருந்து முழங்கை பக்கமா நீவி விடுங்க. நீவின விரலை எடுத்தாலும் அந்த இடம் காலியாவே இருக்கும். மேல போன ரத்தத்தை வால்வு திரும்பி வர விடாது. முதல் விரலை எடுத்தாதான் நிரம்பும்.

‘பச்சை நரம்பு’ன்னு சொன்னேன்ல? அது உண்மையில நரம்பே இல்ல, சிரை. ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோற குழாய். ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கல”ன்னு சொல்றதும் இதைத்தான். நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே பேர்.

பதிலோட இன்னொரு பாதி கெண்டைக்கால். நடக்கும்போது அந்தத் தசை இறுகி, உள்ளே இருக்கிற சிரைகளைப் பிழியுது. ரத்தம் மேல ஏறுது, வால்வு மூடிக்குது. அதனாலதான் அதை இரண்டாவது இதயம்னு சொல்றாங்க. பிபி அளக்கிற அதே அலகுல சொன்னா, அசையாம நிக்கிறப்போ கணுக்கால் சிரையில அழுத்தம் கிட்டத்தட்ட 90. நடக்க ஆரம்பிச்சா 30-க்குப் பக்கத்துல இறங்கிடும்.

வருஷக்கணக்கா நின்னுக்கிட்டே இருந்தா சிரை விரியும், வால்வு சரியா மூடாது, கால்ல புழு மாதிரி முடிச்சு தெரியும். ஊர்ல ‘நரம்பு சுருட்டல்’னு சொல்றது இதுதான். பரம்பரை, கர்ப்பம், உடல் எடை இதெல்லாமும் காரணம். ஆனா நிக்கிறது ஒரு காரணம்னு 1700-லயே ஒருத்தர் எழுதிட்டார். இத்தாலி மருத்துவர் ராமசீனி. தொழிலாளர் நோய்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதி, அதுல நின்னு வேலை செய்றவங்களைப் பத்தித் தனியா பேசினார். நோயாளியைப் பார்த்தா “என்ன வேலை செய்றே?”ன்னு கேட்கணும்னு மருத்துவர்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

சட்டம் மெதுவா வந்தது. 1899-ல பிரிட்டன், கடைகள்ல மூணு பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது வேணும்னு சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவுல 1948 தொழிற்சாலைகள் சட்டம், 44-ம் பிரிவு. நின்னு வேலை செய்றவங்களுக்கு உட்கார வசதி தரணும்னு தெளிவா எழுதினாங்க. ஆனா எப்போ உட்காரலாம்? வேலைக்கு நடுவுல ஓய்வுக்கு வாய்ப்பு கிடைக்கும்போது.

இங்கேதான் நம்ம ஊர் வருது. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில கார் தயாரிப்பு தொடங்குச்சு. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல கைபேசி. 2010-ல ஒரகடத்துல மறுபடி கார். ஏரியும் வயலுமா இருந்த இடத்துல கன்வேயர் லைன் வந்தது. லைனோட குணமே, ஒரு வண்டி நகர்ந்தா அடுத்த வண்டி முன்னால நிக்கிறதுதான். சட்டம் சொன்ன அந்த ‘வாய்ப்பு’ அங்கே தானா வராது. யாராவது திட்டம் போட்டு உருவாக்கணும். நாற்காலி பக்கத்துலயே கிடந்தாலும், உட்கார ஒரு நிமிஷம் இல்லைன்னா அது வெறும் சாமான்.

2021-ல தமிழ்நாடு, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. கேரளா 2018-லயே செஞ்சிருந்தது. தி.நகர் ஜவுளிக்கடைகள்ல நாள் முழுக்க நின்னவங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனா அது கடைகளுக்கான சட்டம், தொழிற்சாலைக்கு இல்ல. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா சட்டமன்றத்துல நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்னிக்கு வாபஸ் ஆச்சு. அப்போ எல்லாரும் மணிக்கணக்கைப் பத்திதான் பேசினோம். அந்த மணி நேரத்துல கால் என்ன ஆகும்னு அதிகம் பேசல.

நீங்க லைன்ல நிக்கிறவரா இருந்தா, நின்ன இடத்துலயே அப்பப்போ குதிகாலைத் தூக்கி இறக்குங்க. கெண்டைக்கால் வேலை செய்யும். ஆனா அதோட விட்டுடாதீங்க. சேஃப்டி கமிட்டி மீட்டிங்ல உட்காரும் நேரம் எவ்வளவுன்னு கேளுங்க. சலுகை கேட்கிறோமேன்னு கூச்சப்பட வேண்டாம். 1700-லயே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.