தருமியின் குரல்: ஒரு திரைக்காட்சியின் முன்வரலாறு

தமிழ்நாட்டுத் திரைப்பட ஆர்வலர் ஒருவரை அணுகி, அவர்தம் நெஞ்சை விட்டு நீங்காத காட்சிகள் யாவை என வினவின், அவர் கூறும் நிரலில் 'திருவிளையாடல்' படத்துத் தருமி காட்சி இடம்பெறாதிருத்தல் அரிது. 1965ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் வெளிவந்த அப்படத்தை அது வெளிவந்து பல்லாண்டு கழிந்தபின் பிறந்தோரும் அறிவர். காட்சியைக் கூறுவதோடு நில்லாது, உரையாடலையும் ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிப்பர். கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கி வாயிலாக அவ்வுரையாடலின் இசைத்தட்டு முழங்கிய காலம் ஒன்று உண்டு. படம் பாராதாரும் அதனைக் கேட்டே பாடம் செய்தனர். ஏட்டுக் கல்வி பரவாத நாளில் கதைப்பாடல்கள் செவிவழியாகப் பரவியமை போன்றதே இதுவும்.

இலக்கிய ஆராய்ச்சிக்குரிய இவ்விதழில் திரைக்காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுதல் தகுமோ என ஐயுறுவார் இருக்கலாம். சங்கப் பாட்டு ஒன்று இத்துணைப் பெருந்திரளான மக்களின் செவியை எட்டியது இக்காட்சி வாயிலாகவேயாம். அவ்வொரு காரணமே போதும் என யாம் கருதுகின்றோம். அன்றியும், தருமி என்னும் பாத்திரம் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றை அறியாது காட்சியை மட்டும் சுவைப்போர், திரையில் புதிதாகப் படைக்கப்பட்டது யாது, பழமையினின்று வந்தது யாது எனப் பிரித்தறிய இயலாது மயங்குகின்றனர். புராணப் படலத்தைப் பாடமாகப் பயின்ற மாணவரும், தேர்வுத் தாளில் தருமி இறைவனை வினாக்களால் சோதித்தான் என எழுதக் காண்கின்றோம். அவ்வினா விடைப் பகுதி பரஞ்சோதியார் நூலில் யாண்டும் இல்லை.

மூலத்தினின்று தொடங்குவோம். குறுந்தொகையின் 2ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆயது. குறிஞ்சித் திணையில் தலைவன் கூற்றாக அமைந்தது. தலைவியின் நலம் பாராட்டும் தலைவன், பூந்தாது ஆராய்ந்து திரியும் தும்பியை விளித்து, எனக்கு உவப்பானதைக் கூறாது நீ கண்டறிந்ததையே கூறுக எனக் கேட்டு, நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலினும் நறுமணம் உடையனவும் உளவோ என வினவுகின்றான். அவ்வளவே பாட்டு. அரசனும் இல்லை, அவைக்களமும் இல்லை, பொற்கிழியும் இல்லை. கூந்தல் மணம் இயற்கையோ செயற்கையோ என்னும் வினாவும் பாட்டில் எழவில்லை. அதனினும் நுட்பமான ஒன்று உண்டு. தலைவன் தேடுவது நடுநிலையான சான்று. மணங்களை ஆராய்வதே தொழிலாக உடைய ஓர் உயிரிடம் அவன் சான்று கேட்கின்றான். பிற்காலத்தார் இப்பாட்டை ஒரு வழக்காக மாற்றியமைக்கு இடந்தந்தது இச்சான்று கேட்கும் அமைப்பே என்பது எம் கருத்து.

பாடியவர் பெயர் இறையனார் எனக் காணப்படுகின்றது. இப்பெயரே கதைக்கு வித்தாயிற்று. இறையனார் என்னும் புலவர் இறைவனே எனக் கொள்ளப்பட்டபின், இறைவன் ஏன் காதற்பாட்டுப் பாடினான் என்னும் வினாவிற்கு விடை வேண்டியதாயிற்று. அவ்விடையின் பெயரே தருமி. இறையனார் களவியலின் உரை, பஞ்சம் நீங்கியபின் பொருளிலக்கணம் காணாது பாண்டியன் வருந்தியதும், இறைவன் 60 நூற்பாக்கள் அருளியதும், உருத்திரசன்மனைக் கொண்டு உரை தேர்ந்ததும் விரித்துரைக்கின்றது. அங்கும் இறைவன் புலவனே, நக்கீரரும் உளர். தருமியோ இல்லை. அவனை நாம் முதன்முதல் காண்பது 7ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் தேவாரத்தில். திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்தில், நல்ல பாட்டுப் புலவனாகச் சங்கம் ஏறித் தருமிக்குப் பொற்கிழி அருளியவன் என இறைவனைப் போற்றுகின்றார் அப்பர். விளக்கம் ஏதுமின்றிப் பெயரளவில் சுட்டிச் செல்லுதலின், அவர் காலத்திலேயே கேட்போர் அனைவரும் அறிந்த கதையாக அது இருந்திருத்தல் வேண்டும்.

அதன்பின் பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடற் புராணத்திலும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் கதை முழுவுருப் பெற்றது. முன்னதை உ. வே. சாமிநாதையர் 1906இல் பதிப்பித்தார். பின்னதே மக்களிடை மிகுதியும் வழங்குவது. அதன் 64 திருவிளையாடல்களுள் தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆவது. கீரனைக் கரையேற்றியதும், கீரனுக்கு இலக்கணம் உணர்த்தியதும் அடுத்த இரு படலங்கள். படத்தில் விரியும் பிற கதைகளுள் விறகு விற்றது 41ஆவது. வலை வீசியது 57ஆவது. தக்கன் மகள் கதையும், கனி பெறாத முருகன் சினந்து சென்ற கதையும் இந்த 64இல் அடங்கா. இயக்குநர் ஏ. பி. நாகராசன் புராணத்தை அப்படியே திரைக்கு மாற்றினார் அல்லர். தமக்கு வேண்டியன தெரிந்தெடுத்து, தாயாகிய உமை முருகனுக்குக் கதை சொல்லும் சட்டத்துள் கோத்தனர் என்பது இதனால் விளங்கும்.

பரஞ்சோதியார் காட்டும் தருமி யாவன்? தாய் தந்தையரை இழந்த ஆதிசைவ இளைஞன். மணம் புரிந்து இல்லறத்தானாகி இறைவனுக்குப் பூசை இயற்றும் தகுதி பெற விழைந்து, அதற்குப் பொருளின்றி வருந்துபவன். அவன் புலவன் அல்லன். ஆதலின் பாட்டெழுதத் தெரியவில்லையே என்னும் நாணமும் அவனுக்கு இல்லை. திரைத் தருமியோ கந்தை உடுத்த வறிய புலவன். பாட்டெழுதி வாழ வேண்டியவன், பாட்டு வாராது தவிக்கின்றான். இம்மாற்றம் சிறிது போலத் தோன்றினும் கதையின் மையத்தையே இடம் பெயர்த்துவிட்டது. புராணத்தில் ஏழை ஒருவன் கடவுளிடம் பொருள் வேண்டினான். படத்தில் பிறர் பாட்டைத் தன் பாட்டெனச் சொல்லிப் பரிசுபெற ஒரு புலவன் துணிகின்றான். அவையில் அவன் நடுங்குதற்கு அந்த உட்குற்றமே காரணம். நகைச்சுவை பிறப்பதும் அதனாலேயே.

தருமியின் புலம்பலை ஈண்டுச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். ஆர்வலர் பலரும் முதலாவதாக எடுத்துரைப்பது அதுவே. பாட்டு குற்றமுடையது எனத் தள்ளப்பட்டபின் புராணத் தருமியும் கோயிலுக்கு மீண்டு முறையிடுகின்றான். ஆனால் அவன் கூறுவது வேறு. பெறவேண்டிய பொருளை இழந்தேன் என்று யான் வருந்தவில்லை. நின் கவிக்குச் சிற்றறிவினர் குற்றம் கூறுவராயின் நின்னை யார் மதிப்பர். இவ்விகழ்ச்சி நின்னதேயன்றி எனதன்று என்கின்றான். பணிவுடையது போன்று தோன்றும் இம்முறையீட்டின் உள்ளே கூரிய ஒரு முள் இருத்தலைக் காண்க. இறைவனைச் சங்கத்திற்கு வரச்செய்தது அம்முள்ளே. படத்தில் நாகேஷ் கொண்டது இம்முள்ளைத்தான், பணிவை நீக்கிவிட்டார். தனக்குத் தானே பேசுதல், வினவுதல், தானே விடையிறுத்தல், தூணோடு வழக்காடுவான் போல் நடத்தல், வாரான் வாரான் என்று கடவுளையே நம்பிக்கை இழந்து பழித்தல் என அப்பகுதி அமைந்துள்ளது. தனிமொழியில் ஒரு பங்கு நாகேஷ் தாமே கூட்டியது என்பதும், முன்னொருநாள் தாம் கண்ட ஒருவரின் புலம்பலே அதற்கு அடியாயிற்று என்பதும் அவர் பின்னாளில் கூறிய செய்தி. ஆயினும் வேர் புராணத்திலேயே உள்ளது. பொருள் போனாற் போகட்டும் என்ற பழைய தருமியின் பெருந்தன்மையைப் புதிய தருமி ஏற்கவில்லை. பொற்காசு ஆயிரமும் போயினவே என்னும் ஏக்கம் அவன் வாயை விட்டு அகலவே இல்லை. அப்பர் பாட்டில் பெயராகவும், புராணத்தில் சில செய்யுட்களாகவும் நின்ற ஓர் ஏழைக்கு முழுக் குரல் கிடைத்தது 1965இல்தான் என்று கூறின் மிகையன்று.

வினா விடைப் பகுதியைப் புராணத்தில் காணோம் என்றோம். அது வேரற்றதும் அன்று. கொடியது எது, இனியது எது எனக் கேட்க ஒளவையார் விடை பகரும் மரபும், விடுகதை மரபும் நம் நாட்டில் பழையன. விரைந்து எழும் இரட்டை வினாவும் அதனினும் விரைந்து வரும் விடையும் மேடை நாடகத்தார் போற்றிய உத்தி. நாகராசன் டி. கே. எஸ். சகோதரர் நாடகக் குழுவில் இளமையிலேயே பயின்றவர் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1956இல் வெளிவந்த 'நான் பெற்ற செல்வம்' என்னும் படத்திற்கு எழுதியபோதே நக்கீரர் நிகழ்ச்சியை அவர் கையாண்டுள்ளார். ஆகவே 1965இன் காட்சி ஒரு நாளில் தோன்றியதன்று.

இனி அவைக்களம். சிவாஜி கணேசன் இறைவனாகவும், நாகராசன் தாமே நக்கீரராகவும், முத்துராமன் சண்பக பாண்டியனாகவும் தோன்றும் இப்பகுதி, வாதத்தின் படிகளில் புராணத்தையே பெரிதும் பின்பற்றுகின்றது. மானிட மகளிருள் சிறந்தாரைச் சொல்லி, அடுத்துத் தெய்வ மகளிரைச் சொல்லி, இறுதியில் நக்கீரர் வழிபடும் காளத்தி இறைவனின் தேவியாகிய ஞானப்பூங்கோதையையே சொல்லி வினவ, அவர் கூந்தலும் அத்தகையதே என்கின்றார் புராணத்துக் கீரர். இப்படிமுறை ஏற்றம் நாடகத்திற்கென்றே அமைந்தது போன்றது. சங்கறுக்கும் குலத்தைச் சொல்லி இழித்தலும், இரந்துண்ணுதலைச் சொல்லி மறுத்தலும் தனிப்பாடல் வழக்கிலிருந்து படத்துள் வந்தவை. சங்கறுக்கும் தொழில் பற்றிய பழஞ்சான்று அகநானூற்று 24ஆம் பாட்டில் உண்டு. வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்தால் வளை அறுத்த செய்தியை அது உவமை வாயிலாகத் தருகின்றது. இழிவுக்குரியதாகப் பின்னோர் கருதிய தொழிலைச் சங்கப் புலவர் இயல்பாகவே குறித்துச் சென்றனர்.

கண் திறந்து காட்டினும் குற்றம் மாறாது என்னும் நக்கீரர் துணிவு, இன்று பழமொழி போல் வழங்குகின்றது. மேடைப் பேச்சாளரும் செய்தித்தாளினரும் அதனை எடுத்தாளாத நாளில்லை. புராணச் செய்யுளில் இத்துணிவு இன்னும் கடுமையானது. நெற்றியில் ஒரு கண்ணைக் காட்டிய இறைவனிடம், இந்திரன் உடல் போல் மேனி முழுதும் கண்ணானாலும் பாட்டின் குற்றம் குற்றமே என்கின்றார் கீரர். இந்திரன் உடல் அவ்வாறு ஆனமைக்குரிய இழிந்த காரணத்தை அறிந்தோர்க்கு இவ்வுவமையின் நஞ்சு புலனாகும். அதனைப் படம் விடுத்தது. நன்றே செய்தது என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. சிவநெறிப் புராணம் ஒன்றே தன் இறைவனை நோக்கி இத்துணைக் கடுஞ்சொல்லைப் புலவன் வாயில் வைக்க அஞ்சவில்லை என்பது தமிழ்த் திறனாய்வு வரலாற்றில் குறிக்கத்தக்கது.

ஆயின் புராணம் நக்கீரர் பக்கம் நிற்கின்றதா எனின், இல்லை. வெம்மை பொறாது பொற்றாமரையில் வீழ்ந்த கீரர், அடுத்த படலத்தில் பாடிக் கரையேறுகின்றார். அதற்கும் அடுத்த படலத்தில் இலக்கணம் நிரம்பாமையாற் பிழைத்தார் எனக் கருதி இறைவன் அகத்தியரைக் கொண்டு அவருக்கு இலக்கணம் உணர்த்துகின்றான். குற்றம் கண்டவரே பாடம் கேட்கவேண்டியவராகின்றார். படம் இப்பகுதியைத் தொடவில்லை. இறைவன் சோதித்தான், புலவர் உயிர்பெற்றார், பொற்கிழி தருமியைச் சேர்ந்தது என்ற அளவில் முடிக்கின்றது. மக்கள் நினைவிலோ அம்முடிபும் தங்கவில்லை. தங்கியவை இரண்டே: எதிர்த்து நின்ற புலவரின் மறுப்பு, ஏமாந்து நின்ற ஏழையின் புலம்பல். இறைவனின் பெருமை கூற எழுந்த படலத்திலிருந்து இறைவனை எதிர்த்தவரையும் பழித்தவனையும் மக்கள் தமக்கென எடுத்துக்கொண்டனர். புராணப் படம் பார்த்துப் பத்தி மிகும் என எண்ணியோரும், அது பகுத்தறிவுக்குப் பகையாகும் என அஞ்சியோரும் இவ்விளைவை எதிர்நோக்கியிருத்தல் இயலாது.

இழந்தது ஒன்று உண்டு, அது தும்பி. அவையில் பாட்டு ஓதப்படும்போது வழக்கெல்லாம் கூந்தலைப் பற்றியதாகிவிடுகின்றது; தலைவன் யாரை விளித்துக் கேட்டான் என்பதைக் கேட்போர் கருதுவதில்லை. குறுந்தொகை 1915இல் அச்சேறியபின்னும், 1937இல் சாமிநாதையர் பதிப்பு வந்தபின்னும் இப்பாட்டைக் கதையின்றிப் படிக்க வாய்ப்பு இருந்தது. இன்று வகுப்பில் இப்பாட்டைத் தொடங்கும்போது, ஆசிரியர் முதலடி சொல்லி முடிக்குமுன் மாணவர் பலர் எஞ்சிய அடிகளைத் தாமே சொல்லிவிடுகின்றனர். சீர் பிரித்துச் சொல்வது நாகேஷின் நிறுத்தங்களோடு. அந்நிறுத்தங்களுள் சில யாப்புக்குப் பொருந்துகின்றன. சில, அச்சத்தால் நா குழறும் ஒருவனுடையவை. எவை எவை என்று பலகையில் எழுதிக் காட்டியபின்பே யாம் தும்பியிடம் செல்லுகின்றோம்.