உரோமரின் ‘ஐந்தாமவன்’

உரோமப் பேச்சாளர் சிசெரோவுக்கு ஒரே தம்பி, பெயர் குவின்டுஸ். லத்தீனில் அதற்கு ‘ஐந்தாமவன்’ என்று பொருள். கி.மு. 106இல் பிறந்த அண்ணனுக்குச் சில ஆண்டுகள் இளையவர் அவர். இரண்டாம் பிள்ளைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

உரோமரிடம் ஆண்களுக்கான முதற்பெயர்கள் மிகக் குறைவு. குடியரசின் கடைசிக் காலத்தில் பரவலாக வழங்கியவை ஏறத்தாழ 18தான். தந்தை, பாட்டன் பெயரே பிள்ளைக்கும் வரும். பொருளை யாரும் பார்ப்பதில்லை. கல்வெட்டில் முதலெழுத்தையோ முதல் சில எழுத்துகளையோ மட்டும் பொறித்தார்கள்.

ஆனால் பெயர் முதன்முதலில் பிறந்தபோது அதற்குப் பொருள் இருந்திருக்கும். பிறந்த வரிசைதான் அது என்றால் முதலாமவன், இரண்டாமவன் என்ற பெயர்களே மிகுந்திருக்க வேண்டும். குடியரசுக் கால உயர்குடி ஆண்களிடம் அவை முதற்பெயராக அரிதினும் அரிது. பெருகியிருப்பவை குவின்டுஸ், செக்ஸ்டுஸ், தெகிமுஸ்: ஐந்து, ஆறு, பத்து.

1962இல் ஹான்ஸ் பீட்டர்சன் என்ற ஆய்வாளர் இதற்கு மாதங்களைக் காரணம் காட்டினார். பழைய உரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. முதல் நான்கு மாதங்களுக்குத் தனிப்பெயர் உண்டு. ஐந்தாவதிலிருந்து எண்ணே பெயர். குவின்டிலிஸ் கி.மு. 44இல் ஜூலை ஆனது, செக்ஸ்டிலிஸ் கி.மு. 8இல் ஆகஸ்ட் ஆனது. ஆகவே குவின்டுஸ் ஐந்தாம் மாதத்தில் பிறந்தவன். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு உரிய முதற்பெயர்கள் ஏன் அருகின என்பதை இது விளக்குவதில்லை. ஆயினும் நான்கு வரையுள்ள வெற்றிடத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் வழக்கு வேறு. மகள்களுக்கெல்லாம் குடிப்பெயரே பெயர். அவர்களைப் பிரித்தறிய எண் சேர்ப்பார்கள். சீசரைக் கொன்றவர்களுள் புரூட்டஸுக்கு ஒருதாய் வயிற்றுச் சகோதரியும் கசியுஸுக்கு மனைவியுமான யூனியா தெர்தியா உண்மையாகவே மூன்றாம் மகள்தான்.

முதற்பெயரோடு ‘இயுஸ்’ விகுதி சேர்ந்தால் குடிப்பெயர். குவின்டுஸ் வழியினர் குவின்க்தியுஸ். செக்ஸ்டுஸ் வழியினர் செக்ஸ்தியுஸ். இதே அமைப்பில் வந்த ஒக்தாவியுஸ் குடியில் பிறந்தவரே பின்னாளில் அகஸ்டஸ் ஆனவர்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். இத்தாலியில் லத்தீன் மட்டும் பேசப்படவில்லை. தெற்கே சம்னியர் ஆஸ்கன் பேசினார்கள். ஐந்தைக் குறித்த மூல இந்தோ-ஐரோப்பியச் சொல் ‘பெங்குவெ’ போன்றது. பஞ்சாங்கத்தில் நாம் வைத்திருக்கும் ‘பஞ்ச’வும் அதன் வழி வந்ததே. லத்தீன், பின்னிருந்த ‘குவ’ ஒலிக்கு இணங்க முன்னிருந்த பகரத்தையும் மாற்றி ‘குவின்குவே’ என்றது. ஆஸ்கனோ அந்த ‘குவ’ ஒலிகள் இரண்டையும் பகரமாக்கி ‘பொம்பே’ என்றது. ஆகவே, சீசருக்கு எதிராக நின்ற பொம்பெயுஸின் குடிப்பெயரும், சீசருக்கு முன்னரே கி.மு. 321இல் காடியக் கணவாயில் உரோமப் படையைப் பணியவைத்த சம்னியத் தலைவன் பொந்தியுஸின் பெயரும் ‘ஐந்து’ என்ற எண்ணிலிருந்தே பிறந்தவை என்பது மொழியியலார் கருத்து. உரோமில் குவின்க்தியுஸ், மலைநாட்டில் பொந்தியுஸ், எண் ஒன்றே. வெசுவியஸ் சாம்பலில் கி.பி. 79இல் புதைந்த பொம்பெய் நகரின் பெயரையும் பலர் இதனோடு சேர்க்கிறார்கள்.

பொந்தியுஸ் என்ற சம்னியப் பெயர் தமிழ்க் கிறித்தவர்களுக்கு மனப்பாடம். விசுவாசப் பிரமாணத்தில் வரும் பொந்தியு பிலாத்துவின் குடிப்பெயர் அதுதான். யூதேயாவை ஆண்ட அந்த அதிகாரியின் முன்னோர் லத்தீன் அல்ல, ஆஸ்கன் பேசியவர்களாக இருந்திருக்கலாம்.

உயர்குடியினர் முதற்பெயராகக் கொள்ளாத சிறிய எண்கள் அடிமைகளிடமும் விடுதலை பெற்றவர்களிடமும் எளிய மக்களிடமும் தாராளமாக வழங்கின. கையில் தமிழ் விவிலியம் இருந்தால் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு, அதாவது மூன்றாமவர். அடுத்த வசனத்தில் வாழ்த்துச் சொல்பவர்களில் ஒருவர் குவர்த்து, நான்காமவர்.