தண்டுப் பேட்டை தேர்தல் கதைகள் – 17: போலீஸ்காரரும் சிக்பேட்டைக்காரரும்

2009 ஏப்ரல் 23. ஆஸ்டின் டவுன் வாக்காளர்கள் அன்று காலை வாக்களிக்கப் போனது ஒரு புத்தம்புதுத் தொகுதிக்கு. அதற்கு முந்தைய ஆண்டுதான் தொகுதி மறுவரையறை நடைமுறைக்கு வந்து, ‘பெங்களூரு மத்தி’ என்று ஒன்று முளைத்திருந்தது. வாக்கு இயந்திரத்தில் கை சின்னத்துக்கு எதிரே இருந்த பெயர் ஹெச்.டி.சாங்லியானா. தாமரைக்கு எதிரே பி.சி.மோகன். ஓராண்டுக்கு முன் வரை இதே சாங்லியானாதான் தாமரைச் சின்னத்து எம்.பி.! அக்கம்பக்கத்து வண்ணார்பேட்டையிலும் நீலசந்திராவிலும் வீடு வீடாகப் போன காங்கிரஸ் தொண்டர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதே பெரும்பாடாகியிருக்கும்.

ஆஸ்டின் டவுனை அறியாதவர்களுக்காக: அரசுப் பதிவில் இது எஃப்.கிட்டல் நகர். கன்னடத்துக்கு அகராதி செய்த ஜெர்மன் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயரை வைத்தார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். ஆஸ்டின் டவுன் என்றால்தான் வண்டி நகரும். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சென்னை மாகாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) முழுக்க உண்டு. இங்கே கூடுதல் விசேஷம் கால்பந்து. நந்தன் மைதானத்தில் பந்து உருளாத மாலை அபூர்வம். கூப்பிடு தூரத்தில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயம். வியாழக்கிழமைகளில் மத வித்தியாசமில்லாமல் கூட்டம் நெரியும். இப்படிப்பட்ட பேட்டையில் ஒரு வலதுசாரிக் கட்சியின் வேட்பாளர் என்றால், அவர் எங்கிருந்து வந்தவர் என்ற கேள்விதான் முதலில் எழும்.

சாங்லியானாவின் பூர்வீகம் மிசோரம். கிறிஸ்தவர். 1967-ம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியில் தேர்வாகி கர்நாடகப் பிரிவுக்கு வந்தார். எஸ்.பி.யாக இருந்தபோதே அவர் பெயர் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், 1988-ல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து ‘சாங்லியானா’ என்று கன்னடப் படம் வந்தது. நாயகன், ‘மால்குடி டேஸ்’ எடுத்த சங்கர் நாக். படம் ஓடிய ஓட்டத்தில் 1990-ல் இரண்டாம் பாகமும் வந்தது. பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்குத் திரையில் இத்தனை கைத்தட்டல் கிடைத்தது இந்தியாவிலேயே அரிது.

பெங்களூரு மாநகரக் காவல் ஆணையராகவும் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவரை, 2004-ல் பாரதிய ஜனதா பெங்களூரு வடக்கில் நிறுத்தியது. எதிரே நின்றவர் சாமானியர் அல்ல. சி.கே.ஜாஃபர் ஷெரீஃப், நரசிம்ம ராவ் அமைச்சரவையின் ரயில்வே மந்திரி, அந்தத் தொகுதியில் பல முறை வென்றவர். அவரைச் சாங்லியானா வீழ்த்தினார். ராமர் கோயில் பேசும் கட்சிக்கு பெங்களூரில் கிடைத்த எம்.பி. ஒரு மிசோ கிறிஸ்தவர். கட்சிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அங்கே வென்றது கொள்கையல்ல, காக்கிச் சட்டையின் கீர்த்தி.

நான்கு ஆண்டுகளில் அந்த உறவு அறுந்தது. 2008 ஜூலை 22, அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தால் இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கு கோரிய நாள். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி சாங்லியானா அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது. பா.ஜ.க. அவரை வெளியேற்றியது. அடுத்த ஏப்ரலில் கை சின்னத்தோடு பெங்களூரு மத்திக்கு வந்து நின்றார்.

அந்தத் தேர்தலில் பெங்களூரில் இடம் மாறி நின்றவர் அவர் மட்டுமல்ல. பக்கத்துத் தொகுதியான வடக்கில் பா.ஜ.க. வேட்பாளர் டி.பி.சந்திரே கவுடா. யார் இவர்? 1978-ல் இந்திரா காந்தி சிக்மகளூரில் நிற்பதற்காகத் தன் எம்.பி. பதவியையே விட்டுக்கொடுத்தவர்! அந்த இந்திரா விசுவாசி, 31 ஆண்டுகள் கழித்துத் தாமரையில் நின்று ஜாஃபர் ஷெரீஃபைத் தோற்கடித்தார்.

இந்தக் களேபரத்தில், கட்சிக்குள்ளேயே வளர்ந்த வேட்பாளர் என்றால் பி.சி.மோகன். 1963-ல் பெங்களூரில் பிறந்தவர், வியாபாரி. சிக்பேட்டை சட்டமன்றத் தொகுதியில் 1999-லும் 2004-லும் வென்றவர். சிக்பேட்டை என்றால் பட்டுப் புடவை மொத்தக் கடைகள், நகைக்கடைகள், மார்வாடிகள், தெலுங்கு, கன்னட வியாபாரிகள் நிறைந்த நெரிசல் தெருக்கள். பா.ஜ.க.வின் பழைய வேர் அங்கேதான் ஓடியது. ஆஸ்டின் டவுனுக்கும் அந்தத் தெருக்களுக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று மைசூர் மகாராஜாவின் பேட்டை, மற்றது 1947 வரை பிரிட்டிஷார் கையில் இருந்த தண்டு.

2008 சட்டமன்றத் தேர்தலில் மோகன் காந்தி நகருக்கு மாறி, காங்கிரசின் தினேஷ் குண்டு ராவிடம் தோற்றார். தினேஷின் தந்தை, முன்னாள் முதல்வர் ஆர்.குண்டு ராவை 1991-ல் பெங்களூரு தெற்கில் தோற்கடித்தவர் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடகிரி கவுடா. பெங்களூரு நகரத்திலிருந்து பா.ஜ.க.வுக்குக் கிடைத்த முதல் எம்.பி. அவர்தான். தந்தை பா.ஜ.க.விடம் இழந்ததை மகன் மோகனிடம் வட்டியோடு வசூலித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டமன்றத்தில் தோற்றவருக்கு மறு ஆண்டே நாடாளுமன்ற டிக்கெட். மோகன் 35,218 வாக்குகளில் சாங்லியானாவை வென்றார். சேவகனாக இருந்து சினிமாவாகிப் போனவரை, யாரும் படம் எடுக்காத ஒரு வியாபாரி தோற்கடித்துவிட்டார். காரணம் கண்ணெதிரே இருந்தது. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் நின்ற சாம்ராஜ்பேட்டை எம்.எல்.ஏ. ஜமீர் அகமது கான் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாக்குகளைப் பிரித்துக்கொண்டு போனார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9-ம் தேதி அல்சூர் ஏரிக்கரையில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை, பா.ஜ.க. முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் கலைஞர் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தில் அடி வாங்கிய பெங்களூரு தமிழர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. காங்கிரசும் ஜனதாவும் ஆண்ட காலத்தில் விலகாத திரை, தமிழர்கள் அவ்வளவாக நம்பாத கட்சியின் ஆட்சியில் விலகியது.

அதற்காக ஆஸ்டின் டவுன் மனம் மாறிவிட்டதா? இல்லை. இந்தப் பேட்டை அடங்கிய சாந்திநகர் சட்டமன்றத் தொகுதியில் 2008 முதல் காங்கிரசின் என்.ஏ.ஹாரிஸ் நான்கு முறை தொடர்ந்து வென்றுவிட்டார். கர்நாடகக் கால்பந்துச் சங்கத்தின் தலைவரும் அவரே. ஆஸ்டின் டவுனில் அது கூடுதல் தகுதி. மோகனோ 2014-ல் ரிஸ்வான் அர்ஷத்தை 1,37,500 வாக்குகளில் வென்றார். 2019-ல் அதே ரிஸ்வானை மீண்டும் தோற்கடித்தார். அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற நம் பிரகாஷ் ராஜுக்கு டெபாசிட் போனது. 2024-ல் எதிரே நின்றவர் முன்னாள் மத்திய அமைச்சர் ரஹ்மான் கானின் மகன் மன்சூர் அலி கான். (நம் நடிகர் அல்ல. அவர் அதே தேர்தலில் வேலூரில் பலாப்பழச் சின்னத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார்.) மோகன் இம்முறையும் தப்பினார், 32,707 வாக்குகளில்.

அவரைத் தூக்கி நிறுத்தியது கிழக்கு எல்லையில் உள்ள மகாதேவபுரா. ஐ.டி. நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த அந்த ஒரு சட்டமன்றத் தொகுதி மட்டும் லட்சத்துக்கும் மேல் முன்னிலை கொடுத்தது. அங்கே வாக்காளர் பட்டியலில் பெரும் முறைகேடு நடந்தது என்று 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி குற்றம்சாட்டியதும், தேர்தல் ஆணையம் மறுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

சாங்லியானாவுக்குப் பெயர் இருந்தது, தொகுதி வரைபடம் துணைக்கு இல்லை. மோகனுக்கு வரைபடம் இருந்தது. என் கணிப்பில் இந்த நான்கு வெற்றிகளிலும் வேட்பாளரின் பூர்வீகம் செய்த வேலையைவிட, 2008-ல் எட்டுத் தொகுதிகளைக் கோத்துக் கட்டியவர்கள் போட்ட கோடு செய்த வேலை பெரிது.

1973-ல் இந்திரா அரசு பணிமூப்பை மீறியதால் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியை உதறிவிட்டு, 1977-ல் பெங்களூரு தெற்கில் நின்று வென்று, சபாநாயகர் நாற்காலியிலும் அமர்ந்த கே.எஸ்.ஹெக்டேவின் கதை அடுத்த வாரம்.