சுமை ஏறும்போது நிற்கும் மின்பிறப்பாக்கி

ஜெனரேற்றர் என்று வழங்கும் மின்பிறப்பாக்கி வெறுமனே ஓடுகையில் சீராக ஓடி, விளக்கையோ மோட்டரையோ தொடுத்ததும் திணறி நின்றுபோவது சிறு எஞ்சின்களில் அடிக்கடி காணும் கோளாறு. யாழ்ப்பாணத்தார் இதை "மிசின் இழுக்குதில்லை" என்பர். படகில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

இத்தகைய எஞ்சின்களைத் திருத்தும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் தோட்டங்களில் வளர்ந்தது. நீர்வேலி, பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டி வரும் செம்மண் ஊர், வாழைக்குப் பேர்போனது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லை வெட்டித் தோண்டிய கிணறுகளே பயிருக்கு நீர் தந்தன. துலா மிதிக்க ஆள், பட்டை பிடிக்க ஆள், பாத்திக்குத் தண்ணீர் மாற ஆள் என்று விடியுமுன்பே தொடங்கும் இறைப்பு அது. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் துலாக்கள் ஓய்ந்தன. தோட்டக்காரர் ஒவ்வொருவரும் கார்பரேற்றர் கழுவவும் பிளக் துடைக்கவும் பழகியது இந்த மிசினில்தான்.

அந்தப் பழக்கம் 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் பெரிதும் உதவியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் டீசலும் அரிதாயின. மண்ணெண்ணெய் அளவாகவும் கொள்ளை விலைக்கும் கிடைத்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் உதைத்து எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒன்றாக வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தார்கள். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டி, அது நிற்கும் காரணத்தைக் காதால் கேட்டுச் சொல்லும் திறமை அக்காலத்துத் திருத்துநர்களிடம் வளர்ந்தது. எந்தத் தொழிற்பள்ளியும் கற்பிக்காத அறிவு அது.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் சூடாகுமுன் மாற்றினால் முழுதும் எரியாது. கரி பிளக்கிலும் புகைபோக்கியிலும் படியும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோலைவிட முன்கூட்டியே வெடிக்கும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே சுமை ஏறும்போது தட்டும் ஒலி எழுந்து வலு குறையும். அக்காலக் குடாநாட்டில் இக்கோளாற்றின் முதற்காரணம் எரிபொருளே.

கோளாற்றைக் கண்டறிய முதலில் காது கொடுக்க வேண்டும். எஞ்சினின் சத்தம் மாறாமல் விளக்கு மட்டும் மங்கினால் பழுது மின் பக்கத்தில்: வோல்ற்றேஜ் சீராக்கி, கொண்டென்சர், கார்பன் பிரஷ். சத்தமே இறங்கினால் எஞ்சின் பக்கம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதைத் தர இருதுருவ மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 3000 சுற்றும், நான்கு துருவமுடையது 1500 சுற்றும் சுழல வேண்டும். சுமை ஏறும்போது கூடுதல் எரிபொருள் விட்டு அந்த வேகத்தைக் காப்பது கவர்னர். அதன் வில் தளர்ந்தாலோ கம்பி இறுகினாலோ எஞ்சின் அமர்ந்துவிடும்.

சுமையில்லாதபோது சிறிது எரிபொருளே போதும். அதனால் கார்பரேற்றரின் பிரதான ஜெற் பாதி அடைத்திருந்தாலும் தெரியாது. சோக்கைப் பாதி இழுத்துப் பார்க்கலாம். இழுத்ததும் தெம்பாக ஓடினால் ஜெற் அடைப்பென்று கொள்ளலாம். தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் மூடியைத் தளர்த்தியதும் சரியாகும். கறுத்த புகை வந்தால் காற்று வடியைப் பார்க்க வேண்டும். மோட்டர் போடும் கணத்தில் மட்டும் நின்றால் மிசினில் பிழையில்லாமலும் இருக்கலாம். மின்மோட்டர் தொடங்கும்போது ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும்.

படகுகளில் பெரும்பாலும் டீசல். கரையில் நன்றாக ஓடி கடலில் நிற்பதற்கு, அலையில் தாங்கியின் அடிக்கசடு கலங்கி எரிபொருள் வடியை அடைப்பது முக்கிய காரணம். குழாயில் காற்றுப் புகுதலும், குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பு தேய்தலும், புகைக்குழாயின் வளைவில் உப்பும் கரியும் இறுகுதலும் மற்றவை.

இப்போது தோட்டங்களில் மின்மோட்டரும் சூரியப்பலகையும் உள்ளன. மண்ணெண்ணெயில் இறைப்பது செலவாகியும் விட்டது: 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது.