சட்டமன்றம் "ஒன்றுக்கும் உதவாது" என்று சொன்ன ஒரு பிராணி



கோடை பிறந்தால் அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து இரண்டு வகைப் படங்கள் வரும். முதல் வகையில் கொல்லையில் காய்த்துத் தொங்கும் அவரையும் வெண்டையும் புடலையும் இருக்கும். இரண்டாவது வகையில் அதே செடிகள் ஒரே காலையில் மொட்டையாக நிற்கும். அதன் கீழே, "சார், கிரவுண்ட்ஹாக் வந்துடுச்சு, என்ன பண்றது?" என்று ஒரு வரி. சிலர் கோபத்தில் "விஷம் வைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

நான் விவசாயம் படித்தவன் அல்ல, வரலாறு சொல்லிக்கொடுத்தவன். ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றிலும் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். நம்மவர்கள் சிலர் இதைப் பெருச்சாளி என்கிறார்கள். அது சரியல்ல. இது அணில் குடும்பம். லடாக் போனவர்கள் மலைவெளியில் கொழுகொழு என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மர்மோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். எடை 2 கிலோவிலிருந்து 6 கிலோ வரை. சாப்பாடு பெரும்பாலும் பச்சை இலை, தழை, காய்தான். கோடை முழுக்கத் தின்று கொழுத்து, குளிர்காலம் முழுவதும் வளைக்குள் தூங்கும். விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 80 முறை துடிக்கும் இதயம், அந்தத் தூக்கத்தில் 5 முறை அளவுக்குக் குறைந்துவிடும்.

இதற்கு 'வுட்சக்' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதைக் கேட்டு மரத்தோடு சம்பந்தம் இருப்பதாக நினைக்க வேண்டாம். அது அல்கோன்கியன் மொழி பேசிய பூர்வகுடி மக்களின் சொல். வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல் 'வுட்' என்று திரிந்துவிட்டது. நம் ஊரில் தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆன கதைதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்தப் பிராணி அடர்ந்த காட்டை விரும்புவதில்லை. அதற்கு வேண்டியது காட்டின் ஓரம். பக்கத்தில் மேய்வதற்குத் திறந்த புல்வெளி, ஓடி ஒளிய ஒரு புதர், வளை தோண்ட வடிகால் உள்ள மண். ஐரோப்பியர் வருவதற்கு முன் கிழக்கு அமெரிக்காவின் பெரும்பகுதி காடு. குடியேறியவர்கள் 17, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்தக் காட்டை வெட்டி, வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாற்றினார்கள். வயல் ஓரத்தில் கல்வேலி கட்டினார்கள். கிரவுண்ட்ஹாக்குக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டித் தரமுடியும்? எத்தனையோ விலங்குகள் காடு அழிந்து குறைந்தபோது இதுவோ பெருகியது. விவசாயி அதை எதிரி என்றான். அந்த எதிரிக்கு விருந்து வைத்தவனும் அவனேதான்.

இந்தப் பிராணியைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ. வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்து, பின்னாளில் காந்தியடிகள் விரும்பிப் படித்த கட்டுரையை எழுதினாரே, அதே தோரோதான். 1845-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கன்கார்டு ஊருக்கு அருகே வால்டன் குளக்கரையில் சிறு குடில் கட்டிக் குடியேறினார். இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் போட்டார். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 7 மைல் நீளம் என்று கணக்குச் சொல்கிறார். செலவெல்லாம் போக அந்தப் பயிரில் மிஞ்சியது 8 டாலர் 71½ சென்ட். அதில் கால் ஏக்கரை வுட்சக்குகள் வழித்துத் தின்றுவிட்டன.

தோரோ பெரிய இயற்கை நேசர். அவரே கோபத்தில் ஒன்றைக் கொன்று சமைத்தும் பார்த்தார். ருசி பரவாயில்லை, ஆனால் இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லதல்ல என்று முடிவுசெய்தார். அதைவிட முக்கியம், அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. இந்த நிலத்தில் முன்பு முளைத்திருந்த காட்டுச் செடிகளைப் பிடுங்கி, அவற்றின் பழைய மூலிகைத் தோட்டத்தைக் கலைக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டார். பயிரைப் பறிகொடுத்த ஒருவர் அந்த நேரத்தில் இப்படிக் கேட்பது சாதாரண விஷயமல்ல.

ஆனால் எல்லாரும் தோரோ அல்லவே! பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் விவசாயிகளின் பொறுமை தீர்ந்துபோனது. அங்கே வைக்கோல் புல் முக்கியமான விளைச்சல். குதிரைகள் இழுக்கும் புல் வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்ட காலம் அது. புல்லுக்குள் மறைந்திருக்கும் வளையில் சக்கரம் இறங்கினால் இயந்திரம் உடையும், குதிரையின் காலுக்கும் ஆபத்து. 1883-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் வுட்சக்கைப் பற்றி ஆராய ஒரு குழுவையே போட்டது. நம்பமுடிகிறதா? கிண்டலும் எரிச்சலும் கலந்து அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. இந்தப் பிராணியிடம் ரசிக்கத்தக்க குணம் ஒன்றுகூட இல்லை என்றது. தொப்பை தரையைத் தொடுகிறது, பார்க்கவே சகிக்கவில்லை என்று உருவத்தையும் பழித்தது. புல் வெட்டும் இயந்திரத்துக்குக் கேடு என்றும் குற்றப்பத்திரிகை வாசித்தது. கடைசியில் கொல்லப்படும் ஒவ்வொரு வுட்சக்குக்கும் 10 சென்ட் சன்மானம் என்று முடிவானது.

விளைவு என்ன? அந்தச் சன்மானம் இன்று இல்லை. வுட்சக் இன்றும் அந்த மாநிலம் முழுவதும் இருக்கிறது.

ஏன் அப்படி? காரணம் எளிது. ஒரு வளையில் இருப்பதைக் கொன்றால் வளை காலியாகும், அவ்வளவுதான். வசந்தத்தில் ஒரு தாய் சராசரியாக 4 குட்டிகள் போடும். கோடை நடுவில் அந்தக் குட்டிகள் தாயை விட்டுப் புது வீடு தேடிக் கிளம்பும். தோண்டித் தயாராக இருக்கும் வளையும், பக்கத்தில் பீன்ஸ் பாத்தியும் கிடைத்தால் விடுமா? வாடகை வீடு காலியானால் அடுத்த குடித்தனம் வருவது போலத்தான்.

இதே காலத்தில் பென்சில்வேனியாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே குடியேறிய ஜெர்மானியருக்குச் சொந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பிப்ரவரி 2 அன்று வளைக்கரடி வெளியே வந்து தன் நிழலைப் பார்த்தால் குளிர் இன்னும் நீடிக்கும் என்பார்கள். புது நாட்டில் அந்த வேலையைக் கிரவுண்ட்ஹாக்கிடம் கொடுத்துவிட்டார்கள். பங்ஸட்டானி என்ற சிற்றூரில் 1887-இல் தொடங்கிய அந்த விழா இன்றும் நடக்கிறது. தொப்பியும் கோட்டும் போட்ட பெரியவர்கள் அதைக் கையில் தூக்கிப் பிடித்து அருள்வாக்குக் கேட்கிறார்கள். ஆரம்ப காலத்தில் அதே ஊர்க்காரர்கள் அதை வேட்டையாடி விருந்தும் சாப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆகமொத்தம், பிப்ரவரியில் ஜோசியர், ஜூன் மாதத்தில் திருடன். பிராணி என்னவோ ஒன்றுதான். மாறியது நம் தேவை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் ஊர் வேலியோரத்துச் செடி ஒன்றும் இதில் வருகிறது.

பிலடெல்பியா விலங்குக்காட்சி சாலையைச் சேர்ந்த ஆய்வகத்தில் ராபர்ட் ஸ்னைடர் என்பவர் பல ஆண்டுகளாகக் கிரவுண்ட்ஹாக்குகளை வளர்த்து ஆராய்ந்துவந்தார். அவற்றில் பலவும் கல்லீரல் புற்றுநோயால் இறப்பதைக் கவனித்தார். காரணம் தேடியபோது, 1978-இல் ஜெஸ்ஸி சம்மர்ஸ் முதலானோர் அவற்றின் இரத்தத்தில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதரைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸுக்கு அது மிக நெருங்கிய உறவு. மனிதரின் ஹெபடைடிஸ்-பி வைரஸை எலியிலோ முயலிலோ வைத்துச் சோதிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த உலகத்துக்கு இது பெரிய வழி திறந்துவிட்டது. வைரஸ் எப்படிக் கல்லீரலைக் கெடுக்கிறது, புற்றுநோய் எப்படி வருகிறது, எந்த மருந்து அதை அடக்கும் என்பதையெல்லாம் கிரவுண்ட்ஹாக்கை வைத்துப் படித்தார்கள். இன்று நம் ஊர் மருத்துவர்களும் எழுதிக்கொடுக்கும் என்டெகாவிர் என்ற மாத்திரை, அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெறுவதற்கு முன் இந்தப் பிராணியிடம் சோதிக்கப்பட்டதுதான்.

நம் ஊர்ச் செடி கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றால் பாட்டிமார் அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்களே, அதேதான். பிலடெல்பியாவில் வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளர், ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் முதலானோருடன் சேர்ந்து, கீழாநெல்லிச் சாற்றைக் கிரவுண்ட்ஹாக்குகளுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். புதிதாகத் தொற்றிய 4 பிராணிகளில் 3-இல் வைரஸின் அடையாளங்கள் மறைந்தன. 1987-இல் அந்தக் கட்டுரை வெளியானது. அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் நோயாளிகளிடம் செய்த சோதனை 'லான்செட்' இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

அதோடு கதை முடியவில்லை. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி அரைக்கக் கிளம்ப வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். நான் சொல்லவருவது ஒன்றுதான். 1883-இல் ஒரு சட்டமன்றமே 'எந்தச் சிறப்பும் இல்லாதது' என்று முத்திரை குத்திய பிராணி, நூறு ஆண்டுகூட ஆவதற்கு முன் உலகத்தின் கல்லீரலைக் காப்பாற்ற உதவிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குத் தெரிந்தது புல் வெட்டும் இயந்திரத்தின் கணக்கு மட்டும்.

சரி, தத்துவம் போதும், அவரைச் செடிக்கு வழி சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்கிறேன்.

வேலிதான் வழி. தரைக்கு மேலே குறைந்தது 3 அடி உயரத்துக்குக் கம்பிவலை. அதன் அடிப்பாகத்தை ஓர் அடி ஆழத்துக்குப் புதைத்து, தோட்டத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். தோண்ட வருவது அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். மேல்பாகத்தில் ஓர் அடியைக் கம்பத்தில் கட்டாமல் தளர்வாக, வெளியே சாய்த்து விடுங்கள். இது நன்றாக ஏறும் பிராணி. ஆடும் வலையில் மட்டும் ஏறத் தயங்கும்.

வளையை மூடவேண்டும் என்றால் காலம் பார்த்து மூடுங்கள். வசந்தத்தில் உள்ளே பால்குடிக் குட்டிகள் இருக்கும். குளிர்காலத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். கோடை நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஏற்ற காலம். வாசலில் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கலையாமல் இருந்தால் வளை காலி என்று தெரிந்துகொண்டு மூடலாம். ஒரு வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கும், அதையும் தேடுங்கள்.

விஷம் வேண்டவே வேண்டாம். கைவிடப்பட்ட வளையில் நரி, முயல், ரக்கூன் எல்லாம் குடியிருக்கும். அது அந்தப் பக்கத்துச் சத்திரம். உங்கள் வீட்டு நாயும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே புல்லில்தான் விளையாடுகின்றன. பொறிவைத்துப் பிடித்து வேறு ஊரில் விடுவதும் பல மாநிலங்களில் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. இதற்கு வெறிநோய் வருவதுண்டு, ஆகவே வெறும் கையால் தொடவேண்டாம். உங்கள் மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சன்மானம் கொடுத்துக் கொல்லச் சொன்ன சட்டத்தால் ஆகாதது, கம்பிவலையை ஓர் அடி மண்ணுக்குள் மடித்துவைப்பதால் ஆகிறது. பயிரும் பிழைக்கிறது, உயிரும் பிழைக்கிறது.

கடைசியாக ஒன்று. 34 ஆண்டு பள்ளிக்கூடத்தில் இருந்தவன் நான். "இது தேறாத கேஸ்" என்ற தீர்ப்பை ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பு வாங்கிய நாலைந்து பேர் இப்போது இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்! உங்களில் ஒருவர் தலைமைச் செவிலியர், ஒருவர் ஊருக்கே மின்மோட்டார் பழுது பார்ப்பவர். எனவே பிராணியோ பிள்ளையோ, வரம்பு வேண்டுமானால் வேலி போடுங்கள். முத்திரை மட்டும் குத்திவிடாதீர்கள்.

உங்கள் தோட்டத்தில் எந்த வேலி நின்றது, எது விழுந்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும். அவரை காய்த்தால் படம் அனுப்ப மறக்கவேண்டாம்.

அனைவரும் நலமாக இருங்கள்.