பிறர் கூற்றும் தன்னுணர்வும்: இலங்கைச் சோனகர் வரலாறு காட்டும் ஓர் உண்மை

ஒரு சமுதாயத்தார் தம்மை இன்னார் என உணர்தல், அவர்தம் உள்ளத்தினின்றே முழுதும் பிறப்பதன்று. பிறர் அவரைப்பற்றிக் கூறும் கூற்றும் அவ்வுணர்வை உருவாக்கும். அக்கூற்றை மறுப்பவரும் பல வேளைகளில் அதன் எல்லைக்குள் நின்றே மறுக்கின்றனர். இதற்கு இலங்கைச் சோனகர் வரலாறு தக்க சான்றாதலின், அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். 'சோனகர்' என்பது 'யவனர்' என்பதன் திரிபு என்பர். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரோ, வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்குத் தாம் வழங்கிய 'மூர்' என்னும் பெயரை இங்கிருந்தார்க்கும் இட்டனர். மேலைக் கடற்கரையில் தாம் பகைத்தாரின் உருவைக் கீழைக் கடலில் முன்பு கண்டறியாதார்மேல் ஏற்றினர். ஆங்கில ஆட்சியேடுகளில் அப்பெயரே நிலைத்தது. பின்னர்ச் சோனகர்தம் சங்கங்களும் அதனைத் தாங்கின.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகர் இனத்தைப்பற்றி ஒரு கட்டுரை படித்தார். மொழி, வரலாறு, வழக்கம், உடற்கூறு ஆகிய நான்கும்கொண்டு, அவர் இனத்தால் தமிழரே என முடிவு கூறினார். அவர் அப்பொழுது சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. சோனகர்க்குத் தனியிடம் வேண்டுமா என்னும் வினாவும் அக்காலத்தே எழுந்திருந்தது. 1889இல் அவ்விடம் அளிக்கப்பெற்றது. ஆதலின், அக்கட்டுரையை வெறும் இனவியல் ஆராய்ச்சியாக மட்டும் கொள்ளல் இயலாது.

1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். மொழி ஒன்றே இனத்திற்குச் சான்றாகாது. சோனகர்தம் முன்னோர் அராபியர் என்பது அவர் கொள்கை. எதிராளியின் முடிவை அவர் மறுத்தார். ஆயின் குருதிவழியே ஒருவரை இன்னாரெனக் காட்டும் என்னும் அடிப்படையை மறுத்திலர். 'நீர் தமிழர்' என்றார்க்கு 'யாம் அராபியர்' என்பதே விடையாயிற்று. 'யாம் யாமே' என்னும் விடைக்கு அவ்வாதத்தில் இடமில்லை.

அவ்விடையால் பெருமிதம் பிறந்தது உண்மையே. எனினும், கடல்கடந்து வந்த வணிகர் என்னும் உருவும் அதனோடு வலுப்பெற்றது. அநகாரிக தர்மபாலர் போன்றோர் அவ்வுருவையே எடுத்து, முஸ்லிம்களை அயலாரெனப் பழித்தனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தில் இந்தியாவினின்று வந்த வணிகரோடு, நெடுங்காலக் குடிகளாகிய சோனகரும் துன்புற்றனர். கிழக்கு மாகாணத்தில் நெல் விளைக்கும் முஸ்லிம் உழவர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். தாய்வழிக் 'குடி' முறை அவர்க்கும் அண்டைத் தமிழர்க்கும் பொதுவாம். 'வணிகர்' என்னும் ஒற்றைச் சொல்லில் இவர் அடங்குவதெங்ஙனம்?

இருவர் வாதத்திற்கும் புறம்பாக மற்றொரு வழியும் இருந்தது. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார்; 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் புதினத்தை வெளியிட்டார். அரபு மொழிப் பயிற்சியையும் ஆங்கிலக் கல்வியையும் வலியுறுத்திய அவர், தம் மக்களோடு தமிழிலேயே பேசினார். தமிழில் எழுதுதல் தம் தனித்தன்மைக்கு இழுக்கென அவர் கருதவில்லை.

1888இல் 'தமிழரே' எனப்பட்ட மக்களின் வழிவந்தோர், 1990 அக்டோபரில் வட மாகாணத்தினின்று விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அணைத்த கூற்றும் அகற்றிய செயலும் ஒன்றற்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றும். இரண்டிலும் அம்மக்களை வினவாமலே அவர்தம் இடம் முடிவு செய்யப்பட்டது என்பதை நோக்குங்கால், அம்முரண் குறைகின்றது.

தமிழாராய்ச்சியாளராகிய நம் கடமை யாது? ம. மு. உவைஸ் போன்றோர் இசுலாமியத் தமிழ் இலக்கியத்தை நிரல்படத் தொகுத்துக் காட்டியுள்ளனர். அந்நூல்களில் அம்மக்கள் தம்மைப்பற்றித் தாமே கூறியன உள. முதலில் அவற்றைக் கற்றல் வேண்டும். பின்னரே அவர் யார் என நாம் பேசத் தொடங்குதல் தகும்.