பல்லேகமவின் மாத வாடகைக்காரர்

அப்பாவுக்கு மாத்தளையில் வாசனைத் திரவிய வியாபாரம். ஏலமும் மிளகும் வாங்க ரத்தோட்டைக்கு மேலே ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி, பிட்டவல பத்தன, இலுக்கும்புற வழியாக லக்கல பல்லேகமவுக்கு இறங்குவார். லொறியில் நானும் போயிருக்கிறேன். கீழே வயல், சேனை, களு கங்கை. களுத்துறையில் கடலில் விழும் களு கங்கை வேறு. இது அம்பன் கங்கையோடு சேரும் ஆறு.

பல்லேகமவின் பழைய கடைத்தெரு இன்று களு கங்கை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 2018 ஜூலையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அலுவலகங்களும் கடைகளும் அதற்கு முன்பே மேட்டில் கட்டிய புதிய நகரத்துக்கு மாறிவிட்டன. புதிய நகரம் ஒழுங்கானதுதான். ஆனால் லக்கலவில் எது வயல், எது காடு, எது தண்ணீர் என்று கோடு கீறிய ஒவ்வொரு தடவையும் ஊராரின் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

முதல் கோடு 1840இல் விழுந்தது. அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காடும் தரிசும் பயிரிடாத நிலமும், வேறு விதமாக நிரூபிக்கும் வரை, முடிக்கு உரியவை. கண்டிப் பகுதிகளில் சேனை நிலம் கேட்பவர் சன்னஸ் என்னும் அரச மானியப் பத்திரம் காட்ட வேண்டும், அல்லது வழமையான வரி கட்டி வந்ததைக் காட்ட வேண்டும். ஒரு பருவம் வெட்டி எரித்து விதைத்து, பிறகு பல வருடம் காடாக விட்டுத் திரும்புகிறவரிடம் என்ன பத்திரம் இருக்கும்? 1848இல் மாத்தளை கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய வரிகளைக் காரணமாகச் சொல்வார்கள். காணி போன கசப்பும் அதில் இருந்ததென்றே நான் நம்புகிறேன்.

1873இல் அடுத்த கோடு. கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேல் காடழிப்பது தடுக்கப்பட்டது. அந்தக் கோடு பின்னர் கீழே இறங்கியது. 2000இல் லக்கலவுக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் 3,500 அடிக்கு மேற்பட்ட பகுதி பாதுகாப்பு வனமாயிற்று. 2010இல் உலக மரபுரிமை. ஏலப் பயிர் வெளியேற வேண்டியிருந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏலத்துக்காகக் காட்டின் இளங்கன்றுகளைக் களைந்தார்கள். ஏலம் உலர்த்தும் கொட்டில்களுக்கு விறகும் அங்கேதான் வெட்டினார்கள். ஆனாலும் அப்பாவிடம் ஏலம் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்குப் பறித்தவர்கள். குத்தகைப் பத்திரத்தில் பெயரில்லாத அவர்களோடு யாரும் பேசவில்லை.

பிறகு தண்ணீர்க் கோடு. மொரகஹகந்த நீர்த்தேக்கம் 1968இன் மகாவலிப் பெருந்திட்டத்திலேயே இருந்தது; வேலை தொடங்கியது 2007 ஜனவரியில். களு கங்கை அதன் இணைத் திட்டம். ஏறத்தாழ நாற்பது வருடம் அந்தப் பள்ளத்தாக்கு "தண்ணீர் வரும்" என்ற பேச்சோடு வாழ்ந்தது. சுவருக்குச் சாந்து பூசுவதா வேண்டாமா என்றுகூட யோசிப்பார்கள்.

இங்கேதான் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 4ஆம் பிரிவின் கீழ் மூன்று மொழிகளிலும் அறிவித்தல் வரும். எழுத்தில் ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாள் உண்டு. 5ஆம் பிரிவின் பிரகடனம் வந்துவிட்டால், காணி பொதுத் தேவைக்கானது என்பதற்கு அதுவே முடிவான சான்று. அதற்குப் பின் பேச மிஞ்சுவது நட்டஈட்டுத் தொகை மட்டும். ஆட்சேபிக்கக்கூடிய "அக்கறையுள்ள ஆள்" யார் என்பதை 65ஆம் பிரிவு சொல்கிறது: உரிமையாளர், கூட்டுரிமையாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர். மாத வாடகைக்கு இருப்பவர் அதில் அடங்கார் என்று வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறார்கள்.

மலைநாட்டுச் சிறு கடைத்தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த விலக்கின் கனம் புரியும். தேத்தண்ணிக் கடை, தையல் மெஷின் போட்ட திண்ணை, மிளகு நிறுக்கும் தராசு எல்லாம் மாத வாடகையில் ஓடுபவை. ஊரின் பிழைப்பை நடத்துகிறவர், ஊர் போகிறபோது சட்டத்தின் கண்ணில் அக்கறையில்லாதவர்.

2001இல் அமைச்சரவை ஏற்ற கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை இதைக் கொஞ்சம் திருத்தப் பார்த்தது. பாதிக்கப்படுவோரைக் கலந்து பேச வேண்டும், உறுதி இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்றது. ஆனால் கொள்கை சட்டமல்ல. சுற்றாடல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் தருகிறது. அங்கே உறுதி கேட்பதில்லை. மரத்தையும் மீனையும் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இருக்கிறபோது, தன் கடையைப் பற்றிப் பேச ஏன் பத்திரம் வேண்டும்?

65ஆம் பிரிவின் அந்த விலக்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். 4ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டும் நாளிலேயே கிராம உத்தியோகத்தர் கடைத்தெருவின் வாடகைக்காரர், சேனைக்காரர், கூலிக்காரர் பெயர்களை எழுதி எடுக்க வேண்டும். ஆட்சேபனை கேட்கும் கூட்டம் மாவட்டத் தலைநகரில் அல்ல, அந்த ஊரிலேயே, 5ஆம் பிரிவுக்கு முன்னர் நடக்க வேண்டும்.